காத்திருக்கச் செய்த கதையாசிரியர்

நுழையும்முன்

பதினாறு, பதினேழு வயதில் சிறுவர் கதைகள் சலித்துவிடுகின்றன. பெரியவர்கள் படிக்கும் புதினங்களோ கைக்கு எட்டாத உயரத்தில் இருப்பனபோலத் தோன்றுகின்றன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியில் நின்று, பல தலைமுறை இளையோரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற எழுத்தாளர் ஒருவர் தமிழில் உண்டு. அவர் தம் பள்ளியிறுதித் தேர்வையே எழுதாதவர். அவருடைய வாழ்வையும் எழுத்தையும் அறிவோம்.

சாரல் நாட்டில் ஒரு கதைக்கட்டு

ஆனி பிறந்துவிட்டால் தென்காசி வட்டாரத்தில் வெயிலின் நிறமே மாறிவிடும். மேற்கே திரிகூடமலையை மேகம் போர்த்திக்கொள்ளும். மழை என்றும் சொல்ல முடியாமல், பனி என்றும் சொல்ல முடியாமல் மெல்லிய சாரல் காற்றோடு கலந்து வந்து முகத்தில் படியும். குற்றாலத்திலிருந்து செங்கோட்டை செல்லும் வழியில், சிற்றாற்றங்கரையில் வயல்கள் சூழ அமைந்த ஊர் இலஞ்சி. இலஞ்சி என்னும் சொல்லுக்கு மகிழமரம் என்றும் நீர்நிலை என்றும் பொருள் உண்டு. அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற முருகன் கோவில் இவ்வூரில் உள்ளது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் மேலகரமும் அருகிலேயே இருக்கிறது.

இக்கட்டுரையை எழுதும் ஆசிரியருக்கு இலஞ்சி, பெரியம்மா வீட்டு ஊர். சாரல் காலத்தில் வெளியே விளையாட வழியின்றி வீட்டிற்குள் அடைபட்ட ஒரு பிற்பகலில், பரணிலிருந்து இறங்கிய தகரப்பெட்டி ஒன்றில் தடித்த புத்தகக் கட்டுகள் சில கிடைத்தன. கடையில் விலைக்கு வாங்கிய புத்தகங்கள் அல்ல அவை. வார இதழில் வந்த தொடர்கதையின் பக்கங்களை மட்டும் வாரந்தோறும் பிரித்தெடுத்து, அடுக்கி, சணல் நூலால் தைத்து, கெட்டி அட்டை போட்டவை. ஒரு பக்கத்தில் குதிரைவீரன் ஒருவனின் ஓவியம் இருக்கும்; அதன் பின்பக்கத்தில் பல்பொடி விளம்பரமோ பாதி அறுபட்ட நகைச்சுவைத் துணுக்கோ இருக்கும். வீட்டுப் பெண்கள் பகலுணவிற்குப் பின் திண்ணையில் கூடி, ஒருவர் படிக்க மற்றவர் கேட்டுச் சேர்த்துவைத்த கதை அது. தமிழ்நாட்டில் அத்தகைய கதைக்கட்டு இல்லாத ஊர் அக்காலத்தில் அரிது.

அந்தத் தொடர்கதை பொன்னியின் செல்வன். எழுதியவர் கல்கி. இன்று அக்கதையைத் திரைப்படமாகக் கண்டவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். அப்படம் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. படம் பார்த்தாயிற்று, இனிப் புத்தகம் எதற்கு என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டதுண்டு. ஐந்து பாகங்களாக விரியும் கதையில், இரண்டு படங்களுக்குள் அடங்காமல் வெளியே நின்றுவிட்டவை எவ்வளவு என்பதைப் படித்தவரே அறிவார். அவற்றை எழுதியவரின் வாழ்க்கையும் ஒரு கதைபோலவே திருப்பங்கள் நிறைந்தது.

எழுதாத தேர்வு

கல்கியின் இயற்பெயர் கிருஷ்ணமூர்த்தி. தஞ்சை மாவட்டமாக அன்று இருந்த பகுதியில், மாயவரத்தை அடுத்த மணல்மேட்டிற்கு அருகிலுள்ள புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இராமசாமி, தையல்நாயகி. தந்தையார் ஊர்க் கணக்கர். காவிரி பாயும் நாட்டில், வாய்க்கால் கரைகளிலும் கோவில் மண்டபங்களிலும் வளர்ந்த சிறுவன் அவர். திருவிழாக் காலங்களில் நடக்கும் கதாகாலட்சேபங்கள் ஊர்ப்புறத்துப் பிள்ளைகளுக்கு அன்று கிடைத்த பெரிய கலைக்கூடங்கள். கதையை எங்கே நிறுத்தினால் கேட்பவர் எழுந்து போகமாட்டார் என்பது கதை சொல்வோருக்கு நன்றாகத் தெரியும். பின்னாளில் கல்கி தம் தொடர்கதைகளின் ஒவ்வோர் அத்தியாயத்தையும் முடித்த முறையைப் பார்க்கும்போது, அந்தப் பாடம் அவருக்கு இளமையிலேயே கிடைத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஊர்ப் பள்ளிக்குப் பின் மாயவரத்திலும், அதன்பின் திருச்சிராப்பள்ளியில் தேசியக் கல்லூரியைச் சேர்ந்த உயர்நிலைப் பள்ளியிலும் அவர் பயின்றார். அக்காலத்தில் பள்ளியிறுதித் தேர்வுச் சான்றிதழ் என்பது ஓர் எளிய குடும்பத்தின் முழு நம்பிக்கை. அரசு அலுவலகத்தில் எழுத்தர் பணி, மாதச் சம்பளம், ஓய்வூதியம் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு தாளே வாயில். அத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த 1921ஆம் ஆண்டில், காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பை ஏற்று அவர் பள்ளியை விட்டு வெளியேறினார்.

இதைப் படிக்கும் நீங்கள் மேல்நிலை முதலாமாண்டில் இருக்கிறீர்கள். பொதுத்தேர்வு என்னும் சொல் வீட்டில் எவ்வளவு கனமாக ஒலிக்கிறது என்பதை உங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அக்கனத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த இளைஞரின் முடிவை எண்ணிப் பாருங்கள். பள்ளியை விட்டவருக்கு எந்த வேலையும் காத்திருக்கவில்லை. காத்திருந்தது சிறை. நாட்டு விடுதலைக்காக மேடையேறிப் பேசியவர், 1922இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பள்ளியைத் துறந்தவர் படிப்பைத் துறக்கவில்லை என்பதை மட்டும் இங்கே குறிப்பிட்டுவிடுவது ஆசிரியத் தொழிலில் இருப்பவரின் கடமை. சிறையிலும் அதன் பின்னும் அவர் படித்தவற்றின் அளவு, எந்தப் பாடத்திட்டத்திலும் அடங்காதது.

அச்சகத்தின் அருகே

விடுதலையான பின் 1923இல் சென்னையில் திரு.வி.க. நடத்திய நவசக்தி இதழில் துணையாசிரியராகச் சேர்ந்தார். செந்தமிழைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்த திரு.வி.க.விடம் பணிபுரிந்தது அவருக்கு வாய்த்த நற்பேறு. செய்திகளைத் தமிழாக்குவது, தலையங்கத்திற்குக் குறிப்பெடுப்பது, அச்சுப்பிழை திருத்துவது எனப் பத்திரிகைத் தொழிலின் எல்லாப் படிகளிலும் ஏறி இறங்கினார். காந்தியடிகளின் தன்வரலாற்றைத் தமிழில் மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பு ஒரு கடுமையான ஆசிரியர். எளிய சொற்களால் உண்மையை நேராகச் சொல்லும் நடையைத் தமிழில் கொண்டுவர முயன்ற அந்தப் பயிற்சி, அவருடைய சொந்த நடையையும் செதுக்கியது. சாரதையின் தந்திரம் என்னும் சிறுகதைத் தொகுதி 1927இல் வெளிவந்தது.

நவசக்தியிலிருந்து விலகியவர், சேலம் மாவட்டத்தில் திருச்செங்கோட்டிற்கு அருகே இராஜாஜி நடத்திவந்த காந்தி ஆசிரமத்திற்குச் சென்றார். அங்கிருந்து வெளிவந்த விமோசனம் என்னும் மதுவிலக்கு இதழுக்குத் துணைநின்றார். கள்ளுக்கடையால் அழியும் குடும்பங்களைப் பற்றிக் கட்டுரை எழுதினால் படிப்பவர் குறைவு. கதையாக எழுதினால் படிக்காதவரும் கேட்பர். எழுத்தறிவு குறைவாக இருந்த சிற்றூர் மக்களை நினைத்து எழுதிய அந்த ஆசிரம நாள்கள், கல்கியின் வாசகர் யார் என்பதை அவருக்கே காட்டிக்கொடுத்தன. பண்டிதர் ஒருவர் பாராட்ட வேண்டும் என்பதைவிட, ஒருவர் படிக்கச் சுற்றியிருப்போர் பத்துப்பேர் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் எழுத்தின் அளவுகோலாயிற்று. இலஞ்சித் திண்ணைக்கு அவர் கதை வந்துசேர்ந்த வழி இங்கேதான் தொடங்குகிறது.

1931இல் மீண்டும் சிறை. வெளிவந்தபின் எஸ்.எஸ்.வாசனின் ஆனந்த விகடனில் ஆசிரியப் பொறுப்பேற்றார். நகைச்சுவைக் கட்டுரை, அரசியல் விமரிசனம், பயணக் குறிப்பு, சிறுகதை என எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. கர்நாடகம் என்னும் புனைபெயரில் இசையையும் நடனத்தையும் பற்றி அவர் எழுதியவை கலைஞர்களை மகிழ்வித்தன. சில வேளைகளில் சினமூட்டவும் செய்தன. தமிழ்நாட்டு இசைமேடையில் தமிழ்ப்பாட்டு ஒலிக்க வேண்டும் என்னும் தமிழிசை இயக்கத்திற்கு அவருடைய பேனா பின்னாளில் பெருந்துணையாக நின்றது.

கள்வனின் காதலி 1937இல் தொடராக வந்தது. அடுத்து வந்த தியாகபூமி, தொடர்கதையாக வெளிவந்த காலத்திலேயே கே.சுப்பிரமணியம் இயக்கத்தில் படமாகவும் உருவாகி, 1939இல் திரைக்கு வந்தது. படக்காட்சிகளே தொடருக்கு ஓவியங்களாக அச்சாயின. தேசிய உணர்வைத் தூண்டியது என்று ஆங்கில அரசு அப்படத்திற்குத் தடை விதித்தது.

பெரும்புகழும் நிலையான வருவாயும் தந்த விகடனை விட்டு 1941இல் அவர் விலகினார். மூன்றாம் முறையாகச் சிறை சென்று திரும்பியதும், நண்பர் சதாசிவத்துடன் இணைந்து புதிய இதழ் ஒன்றைத் தொடங்கினார். கையில் முதல் இல்லை. சதாசிவத்தின் மனைவியாரான இசைக்கலைஞர் எம்.எஸ்.சுப்புலட்சுமி, சாவித்திரி திரைப்படத்தில் நாரதராக நடித்துப் பெற்ற ஊதியம் அவ்விதழின் முதலாயிற்று. 1941 ஆகஸ்டு முதல் நாள் கல்கி இதழ் பிறந்தது. புனைபெயராக இருந்தது இதழின் பெயராயிற்று. தேர்வைத் துறந்தபோது அவர் இளைஞர். விகடனைத் துறந்தபோது நாற்பதைக் கடந்துவிட்ட குடும்பத்தலைவர். இரண்டாவது முடிவு முதல் முடிவைவிட எளிதாக இருந்திருக்குமா என்பது ஐயமே.

வட்டத்தொட்டியும் கடற்கரை நிலவும்

தென்பாண்டி நாட்டிற்கும் கல்கிக்கும் உள்ள உறவு இரசிகமணி டி.கே.சிதம்பரநாதரால் அமைந்தது. வழக்கறிஞராகப் பயின்றவர் டி.கே.சி.; ஆயினும் அவர் வாழ்ந்தது கம்பனோடு. திருநெல்வேலியில் அவருடைய இல்லத்தின் நடுவே வட்டவடிவான தொட்டிக்கட்டு ஒன்று இருந்தது. ஞாயிறு மாலைகளில் நண்பர்கள் அங்கே கூடிக் கவிதை பேசினர். இடத்தின் பெயரே அந்த அவைக்கும் பெயராகி, வட்டத்தொட்டி என வழங்கிற்று. பின்னர் டி.கே.சி. குற்றாலத்திற்குக் குடிபெயர்ந்தபோது வட்டத்தொட்டியும் அருவிக்கரைக்கு வந்துவிட்டது. இராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து தங்கினர். காலையில் அருவி நீராட்டு, அதன்பின் விருந்து, விருந்தைவிட நீண்ட கம்பன் விருந்து என நாள்கள் கழிந்தன. கம்பனைப் பற்றிய டி.கே.சி.யின் கட்டுரைகள் கல்கி இதழில் தொடர்ந்து வெளியாகித் தமிழகமெங்கும் பரவின.

ஒரு செய்யுளை டி.கே.சி. விளக்கும் முறை தனித்தன்மை உடையது. இலக்கணக் குறிப்பையும் அருஞ்சொற்பொருளையும் பின்னால் நிறுத்திவிட்டு, பாடலை உணர்ச்சியோடு திரும்பத் திரும்பச் சொல்வார். கேட்பவர் மனத்தில் காட்சி எழும்வரை விடமாட்டார். கல்கியின் உரைநடையில் காட்சிகள் கண்முன் எழுவதற்கு இந்த நட்பும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. சிவகாமியின் சபதம் என்னும் புதினத்தின் கரு, மாமல்லபுரத்துக் கடற்கரை மணலில் டி.கே.சி.யோடு அமர்ந்திருந்த ஒரு நிலவிரவில் மனத்தில் தோன்றியதாகக் கல்கியே அந்நூலின் முன்னுரையில் குறிப்பிட்டுள்ளார். கரு தோன்றியதற்கும் கதை அச்சேறியதற்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்தன. விரைந்து எழுதியவர் என்று பெயர்பெற்ற கல்கி, நீண்டகாலம் காத்திருக்கவும் தெரிந்தவர்.

தென்பாண்டி நாட்டிற்கு அவர் விட்டுச்சென்ற கட்டடம் ஒன்றும் உண்டு. பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் அவருக்கு நினைவு மண்டபம் எழுப்ப வேண்டும் என்று தம் இதழில் வேண்டுகோள் விடுத்தார். சிறுதொகைகளாக வாசகர்களிடமிருந்து பணம் வந்து குவிந்தது. நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டு அக்டோபரில் மண்டபம் திறக்கப்பட்டது. கதைக்காக ஒவ்வோர் இதழையும் எதிர்பார்த்திருந்த வாசகர்கள், அவர் கேட்டபோது ஒரு கவிஞனுக்காகவும் கைகொடுத்தார்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

கல்கியைப் படிக்க விரும்பும் மாணவர் பலர், பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களையும் ஒருசேரக் கண்டு மலைத்துத் திரும்பிவிடுகின்றனர். எமது பரிந்துரை பார்த்திபன் கனவு. அளவில் சிறியது, 1941-42 காலத்தில் கல்கி இதழின் தொடக்க நாள்களிலேயே தொடராக வந்தது. உறையூரை ஆண்ட சோழ மன்னன் பார்த்திபன், பல்லவப் பேரரசிற்குக் கப்பம் கட்ட மறுத்துப் போரில் மடிகிறான். சோழநாடு தன்னுரிமையோடு ஓங்கும் என்று அவன் கண்ட கனவு, மகன் விக்கிரமன் தோள்மேல் ஏறுகிறது. விக்கிரமன் நாடு கடத்தப்பட்டுத் தொலைதீவொன்றில் வாழ்கிறான். அவன் மனம் நாடுவதோ பகைவரான பல்லவச் சக்கரவர்த்தியின் மகள் குந்தவியை. படகோட்டி பொன்னனும் அவன் மனைவி வள்ளியும் கதையின் உயிர்நாடி. அரசர்களின் கதையில் படகுக்காரக் குடும்பத்திற்கு இவ்வளவு இடம் தந்தது கல்கியின் உள்ளத்தைக் காட்டும். இக்கதையில் சிவனடியார் ஒருவர் வருகிறார். அவர் யார் என்பதை இங்கே சொல்லிவிட்டால், அக்குற்றத்தை மாணவர்கள் மன்னிக்கமாட்டார்கள்.

அடுத்தது சிவகாமியின் சபதம். எழுதிய முறையில் இது பிந்தியது. கதை நிகழும் காலத்தால் பார்த்திபன் கனவிற்கு முந்தியது. மகேந்திரவர்மன், அவன் மகன் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி, படைத்தலைவர் பரஞ்சோதி ஆகியோர் வரலாற்று மாந்தர்கள். பல்லவர் படை வாதாபியை வென்றது 642ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த வரலாற்று உண்மை. சிற்பி ஆயனரும் அவர் மகள் சிவகாமியும் கல்கி படைத்தவர்கள். ஒரு நாட்டியப் பெண்ணின் சினமும் சொல்லும் இரு பேரரசுகளின் போரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகின்றன என்பது கதை. வெற்றி கிடைத்த நாளில் அவள் இழந்தது என்ன என்பதை எண்ணியபடி நூலை மூடும் வாசகர், சிறுவர் கதைகளின் எல்லையைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டிருப்பார்.

பொன்னியின் செல்வன் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை, மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாக வாரந்தோறும் வெளிவந்தது. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரைமீது குதிரையில் வரும் வந்தியத்தேவனோடு கதை தொடங்குகிறது. அவனுக்குத் துடுக்கு மிகுதி, பசியும் மிகுதி. சிக்கலில் மாட்டிக்கொள்வதில் அவனுக்கு நிகர் அவனே. ஓலை சேர்ப்பிக்கப் புறப்பட்ட அவன் வழியாகச் சோழநாட்டின் ஆறுகளும் கோட்டைகளும் அரண்மனைச் சூழ்ச்சிகளும் நமக்கு ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. எல்லாம் அறிந்த வீரனைக் கதைத்தலைவனாக வைத்திருந்தால் இளையோர் இத்தனை நெருக்கம் கொண்டிருக்கமாட்டார்கள். நம்மைப்போலவே ஒன்றும் தெரியாமல் உள்ளே நுழைபவன் என்பதால் அவன் தோளில் நாமும் தொற்றிக்கொள்கிறோம். கதையின் களங்களை நேரில் காண, ஓவியர் மணியத்தையும் அழைத்துக்கொண்டு கல்கி இலங்கைக்குச் சென்றுவந்தார். மணியம் வரைந்த குந்தவையும் நந்தினியும் பூங்குழலியும் தமிழர் மனத்தில் அவ்வுருவிலேயே நிலைத்துவிட்டனர்.

வரலாறு எது? புனைவு எது?

வரலாற்றுப் புதினத்தை வரலாறாக எண்ணிவிடும் தவற்றை நாம் அடிக்கடி செய்கிறோம். தேர்வுத்தாளில் நந்தினியை வரலாற்று மாந்தராக எழுதிய விடைகளை ஆசிரியர்கள் பலர் கண்டிருப்பர். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகியோர் கல்கியின் கற்பனை. வந்தியத்தேவனோ கல்வெட்டில் இருக்கிறான். இராசராசனின் தமக்கை குந்தவையின் கணவன் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டு குறிக்கிறது. அவ்வொரு வரிக்குமேல் அவனைப் பற்றி நமக்குக் கிடைப்பது மிகக் குறைவு. அந்த ஒரு வரிக்கு உடலும் உயிரும் குறும்பும் கொடுத்தவர் கல்கி.

கதையின் நடுவே உள்ள முடிச்சு, பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலை. காட்டுமன்னார்கோவிலை அடுத்த உடையார்குடியில் உள்ள கோவிலில், இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகால் சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் எனச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரை அது குறிப்பிட்டு, அவர்களுடைய உறவினரின் நிலங்களும் பறிக்கப்பட வேண்டும் என்னும் அரச ஆணையைத் தருகிறது. கொலையாளிகளின் பெயர் கிடைத்துவிட்டது. ஏன் கொன்றனர், யார் தூண்டினர், தண்டனை வழங்க இத்தனை ஆண்டுகள் ஏன் கடந்தன என்னும் வினாக்களுக்குக் கல் விடை சொல்லவில்லை. வரலாற்றாசிரியர்கள் இன்றும் அதுபற்றிக் கருத்து வேறுபடுகின்றனர். கல்கியும் கொலை நடந்த அறையின் விளக்கை அணைத்துவிட்டு, ஐயத்தை வாசகரிடமே ஒப்படைத்துவிட்டார். கல்வெட்டு பேசாத இடத்தில் புதினம் பேசலாம். கல்வெட்டு பேசும் இடத்தில் அதற்குக் காது கொடுக்க வேண்டும். இப்பழக்கத்தை அவருடைய நூல்களைக் கொண்டே மாணவர் பயிலலாம். புதினத்தில் வரும் ஊர்களையும் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிவைத்து, நீலகண்ட சாஸ்திரியார், சதாசிவப் பண்டாரத்தார் ஆகியோரின் சோழர் வரலாற்று நூல்களில் தேடிப் பாருங்கள். துப்பறியும் கதையைவிட அது சுவையான வேலை.

குறைகளும் உண்டு. மறைவில் நின்று ஒட்டுக்கேட்பவர்கள் அவருடைய புதினங்களில் அளவுக்கு மீறி இருக்கின்றனர். தேவையான நேரத்தில் தேவையானவர் எதிர்ப்படுவதும், மாறுவேடங்கள் நெடுநேரம் கலையாமல் நிற்பதும் இன்றைய வாசகருக்கு நெருடலாம். வாரந்தோறும் எழுதியதன் தடம் அது. சொன்னதையே திரும்பச் சொல்லும் இடங்களும் அதனால் நேர்ந்தவை. கதையோட்டத்தில் இவற்றைக் கவனிக்க நேரம் கிடைப்பதில்லை என்பது வேறு.

1954

பொன்னியின் செல்வன் எழுதப்பட்ட ஆண்டுகளில் கல்கியின் உடல்நிலை சீராக இல்லை. இதழின் ஆசிரியப் பொறுப்பு, பொதுப்பணிகள், பயணங்கள் ஆகியவற்றோடு வாரத்திற்கு ஓர் அத்தியாயமேனும் எழுதியாக வேண்டிய கடமையும் அவர்மேல் இருந்தது. 1954 பிப்ரவரியில் டி.கே.சி. குற்றாலத்தில் மறைந்தார். நெருங்கிய நண்பரை இழந்த துயரினூடே தொடர் நிற்காமல் வந்தது. மே மாதத்தில் கதை நிறைவுற்றது.

வாசகர்களோ அதை நிறைவாக ஏற்கவில்லை. வந்தியத்தேவன் பின்னர் என்ன ஆனான், குந்தவையை மணந்தானா, பூங்குழலியின் வாழ்வு எப்படியாயிற்று, சதிகாரர்கள் எங்கே போயினர் என்று கேட்டுக்கொண்டே இருந்தனர். அவ்வினாக்களுக்கு விடையாக முடிவுரை ஒன்றைக் கல்கி எழுதினார். வரலாறு அறிந்தவற்றை வரலாறாகவும், எஞ்சியவற்றை வாசகரின் கற்பனைக்கு உரியனவாகவும் பிரித்துக்காட்டிய பகுதி அது.

அடுத்து அமரதாரா என்னும் புதினத்தைத் தொடங்கினார். அது வெளிவந்துகொண்டிருக்கும்போதே, 1954 டிசம்பர் 5ஆம் நாள், காசநோயால் தம் ஐம்பத்தைந்தாம் வயதில் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு அவருடைய மகள் ஆனந்தி அப்புதினத்தை முடித்துவைத்தார். விடுதலைப் போராட்டக் காலத்தைப் பின்னணியாகக் கொண்ட அலை ஓசை என்னும் புதினத்திற்கு 1956இல் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை. நூற்றாண்டான 1999இல் தமிழ்நாட்டரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது. அதனால் எந்தப் பதிப்பகமும் அவற்றை அச்சிடலாம் என்றாயிற்று. குறைந்த விலைப் பதிப்புகள் பெருகின.

இலஞ்சி வீட்டுக் கதைக்கட்டில் ஒரு குறை இருந்தது. ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கங்கள் இல்லை. யாரோ இரவல் வாங்கிச் சென்றபோது கிழிந்திருக்கலாம். கரையானும் காரணமாக இருக்கலாம். மணிமேகலைக்கு என்ன நேர்ந்தது என்று பெரியம்மாவிடம் கேட்டபோது, அவர் அரிசி புடைத்துக்கொண்டே சிரித்தார்; சொல்ல மறுத்துவிட்டார். சாரலில் நனைந்தபடி தென்காசி நூலகத்திற்குச் சென்று, ஐந்தாம் பாகம் வேறொருவர் பெயரில் வெளியே போயிருப்பதை அறிந்து, அது திரும்பி வருவதற்கு இரண்டு வாரங்கள் காத்திருக்க நேர்ந்தது.